கோப்பெங் குட்டையில் நான் பிடித்த கயிறு

பீடோர் பக்கத்து எஸ்டேட்டில் நான் சிறுமியாக இருந்தபோது, ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்ற பழைய ஈயக்குட்டைப் பக்கம் போனாலே அடி விழும். என் மகளோ இருபது வயதில், கோப்பெங் அருகே அதே மாதிரி ஒரு குட்டையில், பலகை ஏதுமின்றி வெறுங்காலோடு விசைப்படகின் பின்னால் தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டிருந்தாள். தடுத்துப் பார்த்தேன். முடியாமல் போகவே நானும் படகில் ஏறிக்கொண்டேன்.

படகுக்காரர் நிதானமானவர். முதலில் புல்தரையில் பழக்கினார். பிறகு படகின் பக்கவாட்டில் நீட்டிய கம்பியைப் பிடிக்க வைத்தார். அதற்கப்புறம்தான் நீண்ட கயிறு. இந்த ஆண்டு கடினமான ஒரு வித்தைக்கு வந்திருந்தார்கள். கயிற்று நுனியிலுள்ள வாரில் ஒரு பாதத்தை மாட்டி, கைகளை விட்டுவிட்டு, மற்றப் பாதத்தால் மட்டும் சறுக்க வேண்டும். விழுந்தால் படகு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் படகில் ஒருவர் சிறு கயிறு ஒன்றைப் பிடித்தபடி அவளையே பார்த்திருக்க வேண்டும். அதைச் சுண்டினால் பெரிய கயிறு படகிலிருந்து கழன்றுவிடும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவள் லேசாக ஆடினாலே சுண்டிவிடுவேன்.

“ம்மா, நான் இன்னும் விழவே இல்ல லா,” என்பாள் தண்ணீரிலிருந்து.

“அக்கா, நீங்க இழுக்கிற இழுப்புல அவ தண்ணி குடிச்சே வயிறு ரொம்பிடும்,” என்பார் படகுக்காரர்.

“ரொம்பட்டும். காலு இருக்குல்ல.”

ஆனாலும் அந்தக் கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்க அவள் விடவில்லை. மற்றவர்கள் நடுவில் கைப்பேசியைப் பார்ப்பார்களாம்.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அவள் சாய்ந்ததும் சுண்டினேன். கயிறு கழன்று கால் தப்பியது. தலையின் வலப்பக்கம் மட்டும் தண்ணீரில் அறைந்தது. விழுந்தவர் நலமாக இருந்தால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவள் தூக்கவில்லை. மிதவைச் சட்டை அவளை மல்லாக்க வைத்திருந்தது. படகு திரும்பி அருகே போகும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

“ம்மா, வாய் மட்டும் அசையுது. ஒண்ணும் சரியா கேக்கல,” என்றாள்.

காதடைப்பான் தெறித்துப்போயிருந்தது. செவிப்பறை கிழிந்திருந்தது. கிழிசல் ஆறிவிடும், ஆனால் அந்தக் காது முன்போலக் கேட்காது என்றார் ஈப்போவில் பார்த்த டாக்டர்.

போன மாதம் தண்ணீரில் இறங்கலாம் என்று அவரே சொன்னார். அன்று மாலை நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் இடக்காது என் பக்கம் இருக்கும்படி வந்து நின்றாள்.

“ஞாயித்துக்கெழம போலாமா? நீங்கதான கயிறு புடிப்பீங்க?”

பயந்துவிட்ட கை சும்மாவும் சுண்டிவிடும், சுண்ட வேண்டிய நேரத்தில் மரத்தும் போகும்.

“என்னால முடியாதும்மா. படகுக்காரர் வீட்டுக்காரம்மா புடிப்பாங்க.”

“அவங்க நல்லவங்கதான். உங்கள மாதிரி பாக்க மாட்டாங்க.”

நான் அடுத்த பயற்றங்காயை எடுத்து நறுக்கினேன்.

“அப்ப வேணாம்மா,” என்று சொல்லிவிட்டு, எதிரே உட்கார்ந்து பயற்றங்காயின் நுனிகளைக் கிள்ளத் தொடங்கினாள்.

அவள் இதை விட்டுவிட வேண்டும் என்றுதான் இத்தனை காலமும் வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறும்வரை தூங்குகிறாள். நான் எழுப்புவதில்லை.