கீல் போல்ட்டும் என் வாயும்

மட்டாஞ்சேரியில் கரையேற்றி வைத்திருந்த பழைய பாய்மரப் படகொன்றை, அதன் புதுப் பெயின்ட்டில் மயங்கி வாங்கப் போனேன். அதையே பார்க்க வந்திருந்த ஒரு பெண், உள்ளே தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வாங்காதீங்கோ சேட்டா. அடியிலே கனத்த கீலைப் பிடிச்சிண்டிருக்கற போல்ட்டெல்லாம் துருவேறிடுத்து. நடுக்கடல்லே கீல் கழண்டா படகு கவிழ்ந்துடும்."

"நான் விலகினா நீங்க வாங்கிக்கலாம்னு பாக்கறீங்களா?" என்றேன்.

அவர் டார்ச்சை நீட்டினார். "நீங்களே பாருங்கோ."

குனிந்து தொட்டதும் ஒரு நட்டு செதில்செதிலாக உதிர்ந்தது. அந்தப் படகில்தான் என் இரு மகள்களையும் கடலுக்குக் கூட்டிப்போக இருந்தேன். தயங்கி மன்னிப்புக் கேட்டேன்.

"சாரமில்லை சேட்டா, போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

இப்போதெல்லாம் பழைய படகு வாங்குபவர்களிடம் பலகையைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். அவரிடம் நான் கேட்ட கேள்வியை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.