மதிலடியில் வைத்த குடம்

சுவிசில் நான் இருக்கும் பாசல் நகரத்தில், புகைக்கூடு துடைக்கும் தொழிலாளியைத் தெருவில் கண்டால் நல்ல உடுப்புப் போட்டவர்களும் அவருடைய கரிச்சட்டையைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். போன சனிக்கிழமை மேல்வீட்டுக் கிழவி என் கையைப் பிடித்து அந்தச் சட்டையில் வைத்தாள். கரியைத் தட்டிவிடச் சொல்கிறாளாக்கும் என்று தட்டிவிட்டேன். "க்ளுக், க்ளுக்" என்று சிரித்தாள். அதிர்ஷ்டத்துக்கும் சந்தோசத்துக்கும் இவர்களிடம் இந்த ஒரு சொல்தான்.

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் எனக்கு இருந்தது ராசி. லொத்தர்ச் சீட்டு விழுந்தால் அதிர்ஷ்டம், சாதகத்தில் இருந்தால் யோகம். இரண்டும் உடையவனுக்கே உதவும். ராசி என்னிடமிருந்து மற்றவர்களுக்குப் போவது. ஐந்தாம் வகுப்போடு நின்று மூட்டை தூக்கியவன் நான். ஆனாலும் தெரிந்தவர்கள் வீடு மாறினால், பால் காய்ச்சுமுன் ஒரு குடம் தண்ணீரோடு என்னைத்தான் முதலில் உள்ளே விடுவார்கள். கொட்டாஞ்சேனையில் அப்படி இரண்டு வீடுகளில் கால் வைத்தேன்.

தங்கை வெள்ளவத்தையில் வீடு எடுத்தபோதும் குடத்தோடு போனேன். கேற்றடியில் மச்சானோடு கந்தோரில் உத்தியோகம் பார்க்கும் ஆட்கள் சப்பாத்தோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் வந்துவிட்டது. குடத்தை மதிலடியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அண்ணை வந்து எடுக்கட்டும் என்று தங்கை அதை ஒருவரையும் தொட விடவில்லையாம்.

அடுத்த ஆடியில், எண்பத்துமூன்று கலவரத்தில், கொழும்பு எரிந்தது. கொட்டாஞ்சேனையில் அந்த இரண்டு வீடுகளும், இருபக்கமும் கரிச்சுவர்கள் நிற்க, வெள்ளையாக அப்படியே நின்றன. என்னை ஒளித்துவைத்த சிங்களப் பெண் "ஒயாகே வாசனாவ" என்றாள். உன்னுடைய நல்லகாலமாம். வெள்ளவத்தை வீட்டுக்குக் கூரை இல்லை. மச்சானும் இல்லை. மதிலடியில் குடம் இருந்தது. விளிம்புவரை தண்ணீர். அந்தக் கிழமை மழை பெய்யவில்லை.

அகதி முகாமில் தங்கை என்னைக் குறை சொல்லவில்லை. "எங்களுக்குப் பாக்கியம் இல்லை அண்ணை" என்றாள், அவ்வளவுதான்.

அவளுடைய மகள் இப்போது இங்கே கல்யாணம் முடித்து பிளாட் எடுத்திருக்கிறாள். அதே சனிக்கிழமை திரும்பவும் வெள்ளவத்தையிலேயே குடியிருக்கும் தங்கை ரெலிபோன் எடுத்தாள்.

"இந்த முறையாவது நீங்கள் முதல் கால் வையுங்கோ அண்ணை. பிள்ளை வாசல்ல நிக்கிறாள்."

குடம் இல்லை. ஒரு போத்தல் தண்ணீரோடு போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கரிக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் மாமா, இங்கேயும் பஸ் பிடிச்சு ஓடப்போறீங்களோ?" என்றாள் மருமகள். அவள் சிரிக்கவில்லை.

வலது காலை வைத்தேன். பிறகு, அந்த மதிலடியிலேயே நின்றுவிட்டதுபோலக் கனத்த மற்றதையும் இழுத்து வைத்தேன். நடு அறைவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். மரத்தரையில் இடது காலின் ஈரத்தடம் மட்டும் வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தது. போத்தலின் மூடியை இன்னும் திறக்கவில்லை.