காலியாகாத கிண்ணங்கள்

எங்கள் காதல் சோயா சாஸில் ஊறி வளர்ந்த காதல். ருசிக்காக அல்ல, பயத்தால். திருப்போரூரில் ஒரு டீக்கடை வாசலில் நானும் அவனும் சேர்ந்து நின்றால், டீ ஆறுவதற்குள் சேதி என் வீட்டுக்குப் போய்விடும். திருக்கழுக்குன்றத்தில் அவன் வீட்டுப் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம். ஆனால் படூரில் ஒரு ஜப்பான் கடை, மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களை நம்பி நடக்கும் தாய்லாந்துக் கடை, பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் மொய்க்கும் மோமோ கடை, இங்கெல்லாம் என் மாமாவோ அவன் சித்தப்பாவோ வந்து உட்கார வாய்ப்பே இல்லை. அதனால் நாங்கள் ஆசியாவையே சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டோம். ஓ.எம்.ஆர். சாலையை எங்களுக்காகவே போட்டார்கள் என்று அப்போது நம்பினேன். இப்போதும் கொஞ்சம் நம்புகிறேன்.

முதன்முதலில் குச்சி பிடித்து நூடுல்ஸ் சாப்பிட்ட அன்று, அவன் தூக்கிய நூடுல்ஸ் பக்கத்து மேசைக்காரரின் சட்டையில் போய் விழுந்தது. நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது. அந்த விக்கல் நிற்பதற்குள் இவனைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். இதைவிட நல்ல காரணத்தோடு கல்யாணம் செய்துகொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முடிவு எடுப்பது எளிது. வீட்டில் சொல்வதுதான் பாடு. நாங்கள் கிறிஸ்தவர்கள், என் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவர்கள் பரம்பரையாகக் கோயில் காரியம் பார்த்தவர்கள், சுத்த சைவம். அவன் அம்மா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பற்றித் தெரிந்ததும் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என் அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைத் தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். அவர் போனபிறகு அந்தக் காப்பியை அம்மாவே எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு, "இனிமே அவங்க வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றாள்.

அவன் அம்மா எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டார், என் அம்மா அவர்கள் வீட்டுக்குப் போகமாட்டாள். அப்பாக்கள் இருவரும், இது அம்மாக்கள் பேசி முடிக்க வேண்டிய விஷயம் என்று நைசாக நழுவிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் வேண்டும். அவன்தான் யோசனை சொன்னான்: கொரியாக்காரர் கடை. அங்கே இரண்டு அம்மாவுக்கும் ஒன்றுமே தெரியாது. யாரும் யாருக்கும் மேலே கீழே இல்லை. மீன், கறி எதுவும் கலக்காமல் சமைக்கச் சொல்லி முதல் நாளே போன் பண்ணிவிட்டான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு வருவதற்கு முன்பே சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ளும் வகைகள் மேசையை நிரப்பும். கீரை, முள்ளங்கி, முளைகட்டிய பயறு, காரம் போட்டுப் புளிக்க வைத்த கோஸ். எல்லாம் நடுவில்தான், எல்லோருக்கும் பொது. எந்தக் கிண்ணம் காலியானாலும் கேட்காமலே மறுபடி நிரப்பிவிடுவார்கள். அது அவர்கள் உபசாரம். போதும் என்றால் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் விட்டால் போதும். எனக்கும் அவனுக்கும் இது தெரியும். அன்று அம்மாக்களை எதிரெதிரே உட்காரவைத்துக்கொண்டு எங்களுக்கு வாய் திறக்கும் தைரியம்தான் இல்லை.

மிச்சம் வைக்க இரண்டு அம்மாவும் தயாராக இல்லை. சோற்றை வீணாக்கினாள் என்று டீச்சரம்மா சொல்லிவிடக்கூடாது என்பது என் அம்மாவின் கவலை. ஒரு வாய் மிச்சம் வைத்தாலும் எங்களோடு சாப்பிட அருவருப்பு என்று நாங்கள் நினைத்துவிடுவோம் என்பது அவன் அம்மாவின் கவலை. ஆகவே இருவரும் ஒவ்வொரு கிண்ணத்தையும் துடைத்துவைத்தார்கள். கடைக்காரரான கொரியா அம்மா முகமெல்லாம் மலர்ந்து ஓடிவந்து நிரப்பினார். அவருக்குத் தெரிந்த தமிழ் "நல்லா சாப்புடுங்க" மட்டும். இவர்கள் மறுபடி துடைத்தார்கள். அவர் மறுபடி நிரப்பினார்.

"இன்னாடி இது, திங்கத் திங்க வந்துகினே கீது" என்று அம்மா என் காதில் கேட்டாள். எதிரே அவன் அம்மா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "முள்ளங்கியை நான் பாத்துக்கறேன். நீங்க கோஸை முடிங்க" என்றார். என் அம்மா, "கோசு நம்மூர் ஊறுகா மாதிரிதான் கீது, குடுங்க" என்றாள். எனக்கு நெஞ்சுக்குள் சிரிப்பு முட்டியது. அவனைப் பார்த்தால் போச்சு என்று கூரையைப் பார்த்தேன்.

கூரையிலிருந்து கண்ணை இறக்கியபோதுதான் கவனித்தேன். குச்சிகளைப் போட்டுவிட்டு இருவரும் எப்போதோ கைக்கு மாறியிருந்தார்கள். பரிமாற என்று அவன் கேட்டு வாங்கிவைத்த கரண்டி ஓரமாகச் சும்மா கிடந்தது. ஒரே கிண்ணத்தில் இரண்டு கையும் போய் வந்துகொண்டிருந்தது. எச்சில் என்ற சொல்லை எங்கள் முகத்துக்கு நேரே சொல்லாமல் இத்தனை காலம் சொல்லிவந்தவர்கள் அவன் வீட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

கொரியா அம்மா மறுபடியும் கிளம்பி வந்தார், கையில் பெரிய பாத்திரத்தோடு. பந்தியில் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைப்போமே, அப்படி அவன் அம்மா முள்ளங்கியை ஒரு கையாலும் பயறை ஒரு கையாலும் மூடினார். கீரைக்குக் கை இல்லை.

"சம்பந்தியம்மா, அந்தக் கீரையை நீங்க மூடுங்க" என்று கத்தினார்.

என் அம்மா இரண்டு கையாலும் கீரையை மூடிவிட்டாள். மூடிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். எல்லாம் முடிந்தது, மண்டபம் பார்க்க வேண்டியதுதான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்மதம் என்றால் அவன் வீட்டுச் சம்மதம்தான் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அம்மா கையை எடுக்காமலே சொன்னாள்: "சம்பந்தின்றீங்க. நாங்க இன்னும் ஒத்துக்கவே இல்லியே."

அவன் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றுதான். கிண்ணங்களை மூடியிருந்த கைகளை மெல்ல எடுத்தார். பிறகு, "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்கு வந்து ஒரு வா சாப்புடுங்க. அப்பாலிக்கா பேசலாம்."

"கறி, மீன் மட்டும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"சர்ச்சு முடிஞ்சி மதியமா வாங்க" என்றாள் அம்மா. "வெறும் வயித்தோட வாங்க."