அமுக்கிய கை

நான் கண்டி மஹய்யாவக்காரி. கண்டியிலேயே ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சை வாட்டில் டொக்டராக இருந்த காலத்தில், அங்கே தமிழ் பேசத் தெரிந்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். அதனால் யாரும் கேட்க விரும்பாத செய்தியெல்லாம் என் வாயால்தான் போகும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் காலையில் கம்பளையிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். நெஞ்சுவலி. நெஞ்சுவலியை வைத்துக்கொண்டு பஸ்ஸிலா வருவது என்று ஏசினேன். "ஒக்கார எடம் கெடச்சிச்சு டொக்டர்" என்று சிரித்தார். டவுனுக்கு வருகிறோமென்று புதுச் சட்டை வேறு போட்டிருந்தார். கட்டிலில் படுத்த சற்று நேரத்தில் பேச்சு நின்றது, கண் சொருகியது. இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சட்டையைக் கத்தரியால் வெட்டினோம்.

சினிமாவில் நெஞ்சில் ஒரு கரண்ட் ஷொக் கொடுத்தால் செத்தவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பான். இவருக்கு எதுவும் பலிக்கவில்லை. ஷொக் கொடுத்தோம், மருந்து ஏற்றினோம், மறுபடி கொடுத்தோம். நெஞ்சில் ஒட்டியிருந்த ஷொக் பட்டைகளில் ஒன்றை முதுகுக்கு மாற்றிக் கொடுத்துப் பார்த்தோம். பக்கத்து வாட்டிலிருந்து இன்னொரு மெஷினையும் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டாலும் அடுத்தடுத்துக் கொடுத்தோம். நடுக்கம் நிற்பதாக இல்லை. இடையில் நெஞ்சை அமுக்கி அமுக்கி இரத்தத்தை ஓட வைத்துக்கொண்டிருந்தோம்.

என் முறை வந்து அமுக்கியபோது அவர் கண்ணைத் திறந்தார். அபூர்வமாக அப்படி நடக்கும். அமுக்கும்வரை மூளைக்கு இரத்தம் போகும், நினைவு வரும். கையை எடுத்தால் அதுவும் போய்விடும். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார்.

திரைச்சீலையோரம் நின்ற மனைவி அதைப் பார்த்துவிட்டார். "ஐயோ, அவருக்கு வலிக்குது! முழிச்சிட்டாருல்ல, கைய எடுங்க டொக்டர்!" என்று ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"எடுத்தா அவரு போயிருவாரும்மா!" என்று கத்தினேன். பக்குவமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு நர்ஸ் அந்த அம்மாவை வெளியே கூட்டிப்போனார்.

வலி தெரியாமலிருக்கக் கடைக்காரருக்கு மருந்து கொடுத்தோம். பிறகு கண் திறக்கவேயில்லை. வெகுநேரம் மாறி மாறி அமுக்கினோம். கடைசியில் அந்த நடுக்கமும் அடங்கி, மொனிட்டரில் கோடு நேராக ஓடியது. பெரிய டொக்டர் போதும் என்று சிங்களத்தில் சொன்னார். அப்போது அமுக்கிக்கொண்டிருந்தவள் நான். கையை எடுத்தேன்.

வெளியே போய்ச் சொல்வதற்குள் அந்த அம்மாவே உள்ளே வந்துவிட்டார். கணவரைப் பார்த்தார். சும்மா தொங்கிய என் கைகளைப் பார்த்தார். அந்த இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து, கணவரின் நெஞ்சின்மேல் வைத்தார்.

"அமுக்குங்க டொக்டர். வலிச்சாலும் பரவாயில்ல."