மூடின கதவுக்குள்ளை தம்பியின்ரை பேர்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் எனக்குச் செபிக்கவே ஏலாமல் போச்சு. செபமாலையைக் கையிலை எடுப்பன். பத்து மணி உருட்ட முதலே மனம் எங்கையோ ஓடிடும். கொழும்பிலை ஒரு லொட்ஜிலை நிண்ட என்ரை தம்பி சவேரியைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எங்கை வைச்சிருக்கிறாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மூண்டு கிழமையாச் சேதி இல்லை.

எனக்கும் அப்ப பெர்மெஸ்ஸோ, அதுதான் இத்தாலியிலை இருக்கிறதுக்கான அனுமதி, இல்லை. பலெர்மோவிலை லிபெர்த்தாத் தெருவிலை ஒரு இத்தாலிக்காரச் சிஞ்ஞோராவின்ரை தகப்பனைப் பார்க்கிற வேலை. அவர் யூத மதகுரு. இத்தாலியின்ரை வடக்கிலை ஒரு தொழுகைக்கூடத்தை நடத்தி, ஓய்வெடுத்து, மனிசி செத்தாப்பிறகு மகளிட்டை வந்தவர். எல்லாரும் அவரை ரபீனோ எண்டு கூப்பிடுவினம். நானும் அப்பிடித்தான்.

உள்ளதைச் சொல்லுறன், தொடக்கத்திலையிருந்தே எனக்கு அவரிலை சந்தேகம். வெள்ளி பொழுதுபட்டால் லைற் சுவிச்சிலை கை வைக்கமாட்டார். ரெலிபோன் அடிச்சால் எடுக்கமாட்டார். அது அவையின்ரை ஓய்வுநாள் எண்டு எனக்கு அப்ப தெரியாது. ஆருக்கு ஒளிக்கிறார் இந்த மனிசன் எண்டு யோசிப்பன். பலெர்மோவிலை அவையளுக்குத் தொழுகைக்கூடம் இல்லை. சனிக்கிழமையிலை ஏழெட்டு ஆம்பிளையள் வருவினம். அறைக் கதவைச் சாத்திப்போட்டு மெல்லிய குரலிலை வாசிப்பினம். பிறகு ரபீனோ சோர்ந்துபோய் வந்து இருப்பார். “முந்தி என்ரை ஊரிலை திருநாளுக்கு இருக்க இடம் காணாது. இஞ்சை பத்துப் பேரைச் சேர்க்கிறதே பெரிய பாடு” எண்டு ஒருநாள் சொன்னவர். அதையும் நான் நம்பேல்லை.

ஒரு வியாழக்கிழமை குசினியிலை நிண்டு அழுதுகொண்டிருந்தன். அவர் கண்டிட்டார். ஏன் எண்டு கேட்டார். தம்பியைப் பிடிச்சதை மாத்திரம் சொன்னன்.

“அவற்றை பேர் என்ன?”

“சவேரி.”

“தாயின்ரை பேர்?”

இதென்ன கேள்வி எண்டு யோசிச்சன். எந்தக் கந்தோரிலையும் தகப்பன்ரை பேரைத்தானே கேப்பினம். வாய் தடுமாறி, “மாக்கிரேட்” எண்டிட்டன். அவர் ஒரு துண்டு எடுத்து, வலப்பக்கத்திலையிருந்து இடப்பக்கமா எனக்கு விளங்காத எழுத்திலை எழுதினார். மடிச்சுப் புத்தகத்துக்குள்ளை வைச்சார். ஊரிலை பேர் எழுதிக்கொண்டு போனால் பிறகு என்ன நடக்கும் எண்டு உங்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமை தண்ணிப் போத்தலோடை அந்த அறைக்குப் போறன். கதவு சாத்தியிருக்கு. உள்ளை ரபீனோவின்ரை குரல். விளங்காத பாஷைக்கு நடுவிலை ரெண்டு சொல்லுத் தெளிவாக் கேட்டுது. சவேரி. மாக்கிரேட்.

போத்தலை வாசலிலை வைச்சிட்டு, செருப்பைக்கூட மாத்தாமல் பஸ் ஏறி சீசாவிலை இருக்கிற எங்கடை வீட்டுக்கு வந்திட்டன்.

“உன்ரை பேரையும் எழுதினவரோ?” எண்டு என்ரை அவர் கேட்டார்.

“தெரியாது.”

“இனி அங்கை போகாதை. நாளைக்குக் குவெஸ்தூராவிலையிருந்து பொலிஸ் வந்து நிண்டால் என்ன செய்வம்?”

நான் போகேல்லை. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தம். நாலாம் நாள் பின்னேரம் ஆரோ கதவைத் தட்டிச்சினம். கதவு ஓட்டையாலை பார்த்தன். கறுத்த தொப்பி, ஊண்டுதடி. ரபீனோ தனிய நிக்கிறார். மூண்டு மாடி ஏறினதிலை மூச்சு வாங்குது. தன்ரை கட்டிடத்திலை வேலை செய்யிற எங்கடை ரெஜி அக்காவிட்டை விலாசம் கேட்டு, பஸ்ஸிலை வந்திருக்கிறார்.

நான் கதவைத் திறக்கேல்லை. அவர் வெளியிலை நிண்டே கதைச்சார்.

“சிஞ்ஞோரா பிலோமினா, இண்டைக்குப் பொழுதுபட எங்கடை பெரிய நோன்பு தொடங்குது. அதுக்கு முதல், ஆருக்குப் பிழை செய்தமோ அவையிட்டை நாங்களே போய் மன்னிப்புக் கேக்கவேணும். கடவுளிட்டைச் சொன்னால் காணாது. நீங்கள் வராமல் விட்டிட்டியள். நான் என்ன பிழை விட்டன் எண்டு தெரியேல்லை. அதுதான் கேக்க வந்தன்.”

அப்பவும் எனக்கு நம்பிக்கை வரேல்லை. கதவுக்குள்ளை நிண்டபடி, “என்ரை தம்பியின்ரை பேரை ஏன் எழுதினீங்கள்? அந்த ஆக்களுக்கு ஏன் வாசிச்சீங்கள்?” எண்டு கேட்டன்.

அவர் சொன்னார்: “வருத்தக்காரருக்கும் சிறையிலை இருக்கிறவைக்கும் நாங்கள் தாயின்ரை பேரைச் சொல்லித்தான் மன்றாடுறனாங்கள். அண்டைக்கு ஒன்பது பேர்தான் வந்தவை. பத்தாவது ஆள் இல்லாமல் எங்கடை சில செபங்களைச் சொல்லேலாது. ஆனால் உங்கடை தம்பிக்கு மன்றாட எண்ணிக்கை தேவையில்லை எண்டு எல்லாரும் எழும்பி நிண்டம்.”

பிறகு குரல் இறங்கிச்சுது. “நான் சின்னனா இருக்கேக்கை எங்கடை பேரையும் எழுதிக்கொண்டு போனவங்கள். பிறகு வந்து ஆக்களைக் கொண்டு போனவங்கள். பேர் எழுதினால் எப்பிடிப் பயம் வரும் எண்டு எனக்கெல்லோ தெரிஞ்சிருக்கவேணும். ஏன் எழுதுறன் எண்டு உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டன். என்னை மன்னியுங்கோ.”

நான் கதவைத் திறந்தன். அந்த வயசு போன மனிசன் படியிலை இருந்து அழுகிறார். நானும் பக்கத்திலை இருந்து, உங்களைக் காட்டிக்குடுக்கிற ஆள் எண்டு நினைச்சிட்டன், நீங்களும் என்னை மன்னிக்கவேணும் எண்டு கேட்டன். என்ரை அவர் கைத்தாங்கலாக் கூட்டிக்கொண்டு போய், பொழுதுபட முதல் வீட்டிலை விட்டிட்டு வந்தார். அண்டைக்குத்தான் கனநாளைக்குப் பிறகு என்னாலை செபமாலையை முழுசாச் சொல்ல முடிஞ்சுது.

ஒரு கிழமைக்குப் பிறகு கீழ்க்கடை ரெலிபோனுக்குக் கோல் வந்துது. கொழும்பிலை ஒரு கத்தோலிக்கச் சுவாமி இடம் இடமாத் தேடி, தம்பியைக் கண்டுபிடிச்சு வெளியிலை எடுத்திட்டார். தம்பிதான் கதைச்சான். “அக்கா, நான் சாப்பிட்டிட்டன்” எண்டு சொன்னான். வேறை ஒண்டும் சொல்லத் தெரியேல்லை அவனுக்கு.

ஓடிப்போய் ரபீனோவிட்டைச் சொன்னன். அவையளுக்குக் கூடாரத் திருநாள். மொட்டைமாடியிலை ஓலை போட்ட சின்னக் குடிலுக்குள்ளை இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், இரண்டு கையையும் மேலை தூக்கினார். பிறகு தனக்குப் பக்கத்திலை ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

ஆற்றை செபம் கேட்கப்பட்டது எண்டு எங்கடை ஆக்களிலை சிலர் என்னைக் கேட்டவை. எனக்குத் தெரியாது. செவிகொடுத்துக் கேட்டவர் ஒருவர்தான் எண்டு மட்டும் தெரியும். அதுக்குப் பிறகு ஆரிலை சந்தேகம் வந்தாலும் நான் மனசுக்குள்ளை வழக்கு நடத்திறேல்லை. முகத்துக்கு நேரை கேட்டிடுறன். நீங்களும் பயத்தோடை கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறியள் எண்டால், ஆண்டவரை நம்பித் திறந்து பாருங்கோ. உங்களுக்காண்டி மன்றாடின ஒருத்தர் மாடி ஏறி வந்து நிக்கக்கூடும்.