கழற்றி வைத்த ஸ்பீக்கர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது என் மச்சானுக்கு நடந்தது. காருக்கு ஸ்டீரியோ மாட்டும் தொழிலில் இருபது வருடமாகப் பழம் தின்று கொட்டை போட்டவன். பேய் என்றால் சிரிப்பான். அன்றைக்குப் பிறகு சிரிப்பதில்லை.

பட்டப்பகல். மணி 1:10. ஒரு டீச்சர் காரைக் கொண்டுவந்து விட்டார்.

"பின்னாடி இடது ஸ்பீக்கர் கொரகொரங்குது. பாட்ட நிறுத்தினாலும் நிக்கல."

"வயர் எங்கயாவது உரசும் டீச்சர். சாயங்காலம் வாங்க."

கடையில் அவன் மட்டும்தான். சத்தம் முழுவதையும் அந்த ஸ்பீக்கருக்குத் திருப்பினான். கொரகொரப்பு. பாட்டை நிறுத்தினான். அப்போதும் கேட்டது... விட்டு விட்டு, யாரோ மூச்சு வாங்குவதுபோல.

கதவின் உள்பலகையைக் கழற்றினான். வயரில் வெட்டும் இல்லை, துருவும் இல்லை. ஸ்பீக்கரை வலது பக்க வயரில் மாட்டிப் பார்த்தான். கொரகொரப்பும் கூடவே போனது. வயரில் கோளாறில்லை, ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினான். வயரைப் பிடுங்கி, ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தான்.

மணி 1:32.

டொக்... டொக்... டொக்...

மேசையிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தான். வயரே இல்லாத ஸ்பீக்கர். அதன் காகிதக் கூம்பு துடித்தது, உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல. விரலை வைத்தான். தோசைக்கல்லாய்ச் சுட்டது.

"மாமா..."

சின்னப் பெண்ணின் குரல்.

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மாமா... தம்பிய மொதல்ல எறக்குங்க..."

டொக்.

டொக்.

நின்றது.

அடுத்து அவனுக்கு நினைவிருப்பது தெரு. வெயிலில் செருப்பில்லாமல் நின்றிருந்தான். எப்படி வந்தான் என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் டீச்சரைக் கேட்டான். அந்த ஸ்பீக்கரைப் பழைய கார்களை உடைத்து விற்கும் கடையில் வாங்கி மாட்டினாராம். மறுநாள் காலை முதல் வேலையாக அங்கே போனான். ஸ்பீக்கரைப் பார்த்ததும் கடைக்காரரின் முகம் மாறியது.

"ரெண்டு குழந்தைங்கப்பா. வெயில்ல நின்ன கார்ல ஏறி விளையாடியிருக்குதுங்க. கதவு பூட்டிக்கிச்சு. யாரும் பாக்கல. அக்கா இந்த ஸ்பீக்கர் இருந்த இடது பக்கம், அவ தம்பி வலது பக்கம்..."

மச்சான் அவசரமாகக் கேட்டான்.

"வலது பக்க ஸ்பீக்கர யாருக்கு வித்தீங்க?"

"எங்க விக்கிறது?" என்றார் அவர். "நாலு பேரு கடப்பாரை போட்டுப் பாத்துட்டோம். அந்தக் கதவு இன்னும் தொறக்கல."