இருசம்மாள் சொல்லாத பெயர்

இருசம்மாளைத் தைரியசாலி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். லூபோக் சீனாவுக்கு இரண்டு மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவளைப் போல் பயந்தாங்கொள்ளி இன்னொருத்தி கிடையாது. புலிக்குப் பயம், பாம்புக்குப் பயம், கணக்கெழுதும் கிராணி தொப்பியைப் போட்டாலும் பயம், கழற்றினாலும் பயம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யாராவது பின்னாலிருந்து "ஏ இருசு!" என்று கூப்பிட்டால் பால் வாளியைக் கீழே போட்டுவிடுவாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. வேண்டுமென்றே கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பாவிகள், அவளுக்கு ஏன் அப்படித் தூக்கிவாரிப் போடுகிறது என்று ஒருத்தியாவது கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

சேலம் ஜில்லாவில் ஆத்தூர்ப் பக்கம் கல்லாம்பட்டி என்று ஓர் ஊர். அங்கே அவளுக்குத் தாலி கட்டிய ஒருவன் இருந்தான். குடித்தால் அடிப்பான், குடிக்கக் கிடைக்காவிட்டால் அதற்காக அடிப்பான். ஒரு நாள் உலக்கையால் போட்ட போட்டில் அவள் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. "எங்க ஓடினாலும் தேடி வந்து வெட்டுவேன்டி" என்பது அவன் வாயில் சதா இருக்கும் பேச்சு. 1926-ஆம் வருஷம், பத்தொன்பது வயதில், அவள் ஓடியே விட்டாள். சேலம் ரயிலடியில் அழுதுகொண்டு நின்றவளை மலாய்த் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த கங்காணி பெரியதம்பி பார்த்தான்; கூட்டிக்கொண்டு போனான்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைக்கும் டிப்போவில் ஒரு சிக்கல். தனியாக வந்த பெண்ணை லேசில் கப்பலேற்ற மாட்டார்கள். கங்காணிக்கா வழி தெரியாது? வரிசையில் நின்ற சாமிக்கண்ணு என்ற ஆளை இழுத்து வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினான்.

"ஆபீசர் கேட்டா இவந்தான் புருஷன்னு சொல்லு. பேரு என்னான்னு கேட்டா வாயத் தொறக்காத. எந்தப் பொம்பள புருஷன் பேரச் சொல்லுறா?"

அப்படியே நடந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், டிப்போ குமாஸ்தா சிரித்துவிட்டு சாமிக்கண்ணுவிடமே பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். காகிதத்தில் அவர்கள் புருஷன் பெண்சாதி ஆனார்கள். அந்தக் காலத்தில் டிப்போவில் இப்படி எத்தனையோ ஜோடிகள். கப்பலை விட்டு இறங்கியதும் சிலர் பிரிந்தார்கள், சிலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சாமிக்கண்ணு நல்ல மனுஷன். தோட்டத்தில் இருவருக்கும் சேர்த்து ஓர் அறை கொடுத்தபோது ஆறு மாதம் வெளியே தாழ்வாரத்தில்தான் படுத்தான். மழை அடித்துப் பெய்த ஒரு நாள் அவளே உள்ளே கூப்பிட்டாள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தன.

ஆனாலும் பயம் போகவில்லை. கல்லாம்பட்டிக்காரன் ஒரு நாள் கப்பலேறி வருவான், லயத்து வாசலில் நிற்பான் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

சேசுநாதர் அவளுக்கு அறிமுகமானது தோட்டத்து ஆஸ்பத்திரியில். மலைக்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தவள் பக்கத்தில் பாட்ரீசியா நாலு நாள் உட்கார்ந்திருந்தாள். புகைக்கொட்டகையில் வேலை பார்க்கும் மிக்கேல்ராஜின் சம்சாரம் அவள்; தோட்டத்தில் அவர்கள் ஒரு குடும்பம்தான் வேதக்காரர்கள். கண் விழித்த இருசம்மாள், பாட்ரீசியா முணுமுணுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது:

"அக்கா, உங்க சாமிக்கு என்னா செஞ்சா கோவம் வரும்?"

பாட்ரீசியா யோசித்தாள். "கோவத்த விடு. அவரே எவ்வளவோ அடி வாங்கினவரு."

"சாமியவா அடிச்சாங்க?"

"கட்டி வெச்சு அடிச்சாங்க. முதுகெல்லாம் காயம். அடிச்சவங்கள அவரு ஒண்ணும் செய்யல. மன்னிச்சிட்டாரு."

இருசம்மாள் தன் மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டாள். அடி என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர். அப்படிப்பட்டவர் தன்னை அடிக்க மாட்டார். இதற்கு மேல் அவளுக்கு எந்த விளக்கமும் வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பாட்ரீசியா வீட்டுக்குப் போனாள், ஜெபங்களைக் கற்றாள். ஆனால் அவளுடைய உண்மையான ஜெபம் ரப்பர் மர நிரைக்குள்தான். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும்போது, "சேசுவே, அந்தப் புதர்ல என்னமோ அசையுது. நீங்க கொஞ்சம் முன்னால நடங்க" என்பாள். அவர் நடப்பார். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. இந்த உலகத்தில் அவள் பயப்படாத ஒரே ஆள் அவர்தான். அவருக்கே முழுசாகச் சொந்தமாகிவிட வேண்டும், ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில் என்ன அதிசயம்? பெண்சாதி பின்னாலேயே சாமிக்கண்ணுவும் ஜெபம் படிக்க வந்தான்.

1935-ஆம் வருஷம், சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு ஞானஸ்நானம் என்று நாள் குறித்தார்கள். மாதம் ஒருமுறை மலாக்காவை ஒட்டிய பாச்சாங்கிலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கொர்னேலியஸ் எல்லாவற்றையும் விளக்கினார்.

"அதுக்கு முன்னால மலாக்காவுல சாமியார் ஒவ்வொருத்தரையும் தனியா விசாரிப்பாரு. முன்னாடி கல்யாணம் ஆகியிருக்கா, அந்தப் புருஷனோ பெண்சாதியோ உசுரோட இருக்காங்களான்னு கேப்பாரு. இருந்தா லெட்டர் போட்டுச் சம்மதம் கேக்கணும். அதுதான் சபை ஒழுங்கு."

இருசம்மாள் இடத்தை விட்டு எழவில்லை. எல்லாரும் போன பிறகு மெதுவாகக் கேட்டாள். "லெட்டர்ல என்னான்னு எழுதுவாங்க ஐயா?"

"உன் பெண்சாதி இங்க இருக்கா, சேந்து வாழ உனக்கு இஷ்டமான்னு கேப்பாங்க."

"எங்க இருக்கான்னு எழுதுவாங்களா?"

"எழுதாம எப்படிம்மா?"

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சாமிக்கண்ணுவிடம் சொன்னாள். அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"செத்துட்டான்னு சொல்லிடுலா. முடிஞ்சு போச்சு. கடல் தாண்டி யாரு போய்ப் பாக்கப் போறா?"

"பொய்யில்லீங்களா?"

"சாமியார்கிட்டத்தான பொய்யி?"

"சாமியார்கிட்ட மட்டும் இல்லீங்க" என்றாள் இருசம்மாள்.

மலாக்கா போக இரண்டு வாரம் இருந்தது. இரண்டு வாரமும் நரகம். உண்மையைச் சொன்னால் கல்லாம்பட்டிக்கு விலாசம் போகும்; அவன் அரிவாளோடு வருவான், அல்லது சர்க்காரைப் பிடித்து அவளைத் திருப்பி வரவழைப்பான். பிள்ளைகள் என்ன ஆகும்? பொய் சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் முடியவில்லை. காலையில் நிரைக்குள் இறங்கி "சேசுவே" என்று ஆரம்பிப்பாள். சொல்லப்போகும் பொய் நினைவுக்கு வரும். மேலே ஒரு வார்த்தை வராது. வாழ்க்கையில் பயமில்லாமல் நிற்க அவளுக்கு வாய்த்தது ஒரே ஓர் இடம். அதையும் தானே கெடுத்துக்கொள்வதா? மரத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

விசாரணை நாளும் வந்தது. சாமிக்கண்ணு பிள்ளைகளோடு வெளியே நிற்க, அவள் மட்டும் உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னால் நரைத்த தாடியோடு வெள்ளைக்காரச் சாமியார். அவர் தமிழ் புத்தகம் பேசுவதுபோல் இருக்கும்.

"அஞ்சாதே மகளே. உனக்கு இதற்கு முன் விவாகம் நடந்ததுண்டா?"

கதவு திறந்துதான் இருந்தது. ஓடிவிடலாம் என்று ஒரு கணம் காலே கிளம்பிவிட்டது.

"நடந்துச்சு சாமி."

"அந்தப் புருஷன் உயிரோடிருக்கிறானா?"

"தெரியாது சாமி. உசுரோட இருக்கும்போது விட்டுட்டு ஓடியாந்தேன். வெளிய நிக்கிறவரு டிப்போவுல எழுதிக்கிட்ட புருஷன்."

சாமியார் பேனாவை மையில் தோய்த்தார். "முதல் புருஷனின் பெயரைச் சொல்."

அங்கேதான் அவள் வாயடைத்துப் போனாள். தாலி கட்டிய நாள் முதல் அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை. முதலில் வழக்கத்துக்காக, பிறகு பயத்துக்காக. சொன்னால் அந்த நிமிஷமே எதிரே வந்து நின்றுவிடுவான் என்று ஓர் எண்ணம். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. சாமியார் அவசரப்படுத்தவில்லை.

"சேசுவே, முன்னால நடங்க" என்று வாய்க்குள் சொன்னாள். பிறகு, தாலி ஏறிய பின் முதல் தடவையாக, "ரங்கசாமி" என்றாள்.

சொன்னதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாமியார் ஊர், ஜில்லா எல்லாம் எழுதிக்கொண்டு, பதில் வரும்வரை இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்றார். சாமிக்கண்ணு பஸ்ஸில் லூபோக் சீனா வரைக்கும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லயத்துக்கு வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு தனி ஆண்கள் லயத்துக்குப் போனான். போகும்போது, "சந்தோசமா?" என்று ஒரு வார்த்தை கேட்டான். அது போதாதென்று கங்காணி பெரியதம்பி வேறு வந்து கத்தினான்.

"டிப்போ விசயத்த வெளிய விட்டியாமே? துரை காதுக்குப் போனா எல்லாருக்கும் சூசா, பெரிய கஷ்டம், தெரியுமா? ஒன்னத்தான் மொதல்ல ஊருக்கு அனுப்புவாங்க!"

பிரிந்து இருந்ததால், பதில் வருமுன்பே பாஸ்குவுக்கு இருவருக்கும் ஞானஸ்நானம் கிடைத்தது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நிரைக்குள் பேச்சும் திரும்பி வந்தது. மறுநாளே பயம் பழையபடி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சாலையில் புது ஆள் தலை தெரிந்தால் போதும், பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். ஒருநாள் தோளில் மூட்டையோடு ஒருவன் நேராக அவள் வாசலுக்கே வந்து நின்றான். பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தாள். அடித்தவர்களை மன்னித்தவர் ஞாபகம் வந்தது; கீழே வைத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, "வெட்டுறதுன்னா என்னைய வெட்டு, புள்ளைங்கள விட்டுடு!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள். அவன் வெலவெலத்துப் போய், "அம்மா, நான் சேலை விக்கிறவம்மா!" என்றான். லயமே சிரித்தது. சாயங்காலம் வரை அவள் கதவைத் திறக்கவில்லை.

ஆவணி மாதம் உபதேசியார் கொர்னேலியஸ் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை வராமல் புதன்கிழமை வந்தார். கையில் ஒரு காகிதம். தூரத்தில் பார்த்தபோதே இருசம்மாளுக்குக் கண் இருட்டியது. பாட்ரீசியா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தூர்ப் பக்கத்துச் சாமியார் எழுதியிருக்காரும்மா. ஊருக்கு நேராப் போயி விசாரிச்சாராம். ரங்கசாமி செத்துட்டாரு. பேதி கண்டு."

"எப்போ?"

"இருபத்தாறுல. நீ கிளம்பி வந்த மறு மாசம்."

"நெசமாவா ஐயா?" மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அவர் பொறுமையாகப் படித்துக் காட்டினார்.

ஒன்பது வருஷம்! எலும்பும் மிஞ்சாமல் போன ஒருவனுக்குப் பயந்து ஒன்பது வருஷம் அவள் ஒருநாள்கூட வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றதில்லை. இதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. அவளுக்கு ஆத்திரம் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பாவி மனுசன், தண்ணி குடுக்கக்கூட ஆளில்லாம செத்திருப்பானே" என்று அழுதாள். அவனுக்காக அவள் அழுதது அதுதான் முதலும் கடைசியும்.

சேதி கேட்டுச் சாமிக்கண்ணு பாயோடு ஓடிவந்தான். இருசம்மாள் வாசலிலேயே மறித்தாள். "இன்னும் மூணு ஞாயிறு கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணுமாம். அப்புறம் கல்யாணம் முடிச்சு வாங்க."

அவனுக்கு வந்ததே கோபம். "நான் அன்னைக்கே என்னா சொன்னேன்? செத்துட்டான்னு சொல்லுன்னு சொன்னேனா இல்லியா? இப்ப என்னா ஆச்சு? நான் சொன்னதுதான நெசம்! அஞ்சு மாசம் ஒன்னையும் புள்ளைங்களையும் விட்டுட்டு அந்த லயத்துல கெடந்தேனே!"

"அன்னைக்கு அது பொய்தாங்க" என்றாள் இருசம்மாள். "நான் மட்டும் செத்துட்டான்னு பொய் சொல்லியிருந்தேன்னா, நான் சாகுற வரைக்கும் அவன் எனக்கு உசுரோடதான் இருந்திருப்பான்."

"மூணு ஞாயிறுதான?" என்றான் சாமிக்கண்ணு. பிறகு பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தான்.